பஸ் ஸ்டாப் டூட்டியும் 5,000 மீட்டரும்

முதல் நேர்காணலில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "உன் ஹைட் என்னப்பா?"

2011 ஜூன் மாதம். வடசென்னையில் ஒரு சுயநிதிக் கல்லூரி, விளையாட்டு சொல்லிக்கொடுக்கும் வேலை. பெயர் வேண்டாம், இன்னும் அந்த வழியாகத்தான் தினமும் போய் வருகிறேன். நந்தனத்தில் எம்.பி.எட். (முதுநிலை உடற்கல்வி) முடித்த கையோடு ஒரு பிளாஸ்டிக் ஃபைலைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். உள்ளே பல்கலைக்கழக அணிக்காக 5,000 மீட்டர் ஓடிய சான்றிதழ், ஏ.எல். முதலியார் தடகள மீட்டில் வாங்கிய மூன்றாம் இடம், இன்னும் நாலைந்து. கரஸ்பான்டென்ட் ஃபைலைத் திறக்கவே இல்லை. என்னைத்தான் மேலும் கீழும் பார்த்தார். ஐந்தடி ஐந்து அங்குலம், 54 கிலோ. லாங் டிஸ்டன்ஸ் ஓடுகிறவன் வேறு எப்படி இருப்பான்? "பசங்க பயப்படணுமே" என்றார்.

எனக்கு முன்னால் உள்ளே போன கபடிக்காரர் நல்ல ஆகிருதி. அவர் 12,000 கேட்டாராம். நான் எதுவும் கேட்கவில்லை. 8,500-க்கு ஆர்டர் அடித்துக் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு, டி.எச். ரோடு முழுக்க நடந்தே வீட்டுக்கு வந்து அம்மாவிடம் "கோச் வேலை கிடைச்சிருச்சும்மா" என்றேன். அது கோச் வேலையே இல்லை என்று புரிய ஒரு வாரம்கூட ஆகவில்லை.

காலை எட்டரைக்கு கேட்டில் நிற்க வேண்டும். ஐ.டி. கார்டு, தாடி, டீ ஷர்ட், கையில் காப்பு, எல்லாம் பார்க்க வேண்டும். சாயங்காலம் பஸ் ஸ்டாப் டூட்டி. வடசென்னையில் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பஸ் ரூட்டுக்கும் பசங்களுக்குத் தலைவனாக ஒரு தல, பஸ் கூரையில் தாளம், வருஷத்துக்கு ஒருமுறை பஸ்ஸையே ஊர்வலமாக்கும் பஸ் டே, எதிர் ரூட்டுப் பசங்களோடு உரசல். அத்தனைக்கும் நடுவே விசிலோடு நிற்கும் ஒல்லிப்பிச்சான் நான். நடுவில் ஆகஸ்ட் 15, ஜனவரி 26 பரேடு, ஸ்போர்ட்ஸ் டே, பட்டமளிப்பு விழாவுக்கு நாற்காலி எண்ணுவது, தேர்வுக்கு ஹால் மேற்பார்வை. ஓட்டப் பயிற்சி விடியற்காலை ஐந்தேகால் முதல் ஏழரை வரை. அது ஆர்டரில் எங்கேயும் இல்லை. நானாகப் போட்டுக்கொண்ட ஷிஃப்ட்.

இந்தத் துறைக்கு வர நினைக்கும் தம்பி தங்கைகள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இது. நம் ஊர்க் கல்லூரிகளில் 'ஓட்டப் பயிற்சியாளர்' என்று ஒரு நாற்காலி பெரும்பாலும் கிடையாது. இருப்பது உடற்கல்வி இயக்குநர், நம் பேச்சில் பி.டி. சார். அந்த ஒருவர்தான் கபடி, வாலிபால், செஸ், தடகளம் எல்லாவற்றுக்கும். ஓட்டம் தெரிந்ததற்காக உங்களை எடுக்க மாட்டார்கள். எடுத்த பிறகு ஓட்டம் சொல்லிக்கொடுத்தால் தடுக்கவும் மாட்டார்கள், அவ்வளவுதான். வருஷக் கடைசியில் கோப்பை வந்தால் நிர்வாகம் போட்டோவில் முன்வரிசை.

சரி, சம்பளத்துக்கு வருவோம். அரசுக் கல்லூரியிலோ அரசு உதவி பெறும் கல்லூரியிலோ நிரந்தரப் பணியிடம் என்றால் யூ.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதிதான். 2018 விதிமுறைப்படி முதுநிலை உடற்கல்விப் படிப்பில் 55 சதவீதம், அதோடு நெட் அல்லது செட் (கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வுகள்) அல்லது பிஎச்.டி., கல்லூரி அளவிலோ அதற்கு மேலோ விளையாடிய சான்று, கடைசியாக உடற்தகுதித் தேர்வு. ஆண்களுக்கு 12 நிமிட ஓட்டம். 30 வயது வரை 1,800 மீட்டர், 40 வரை 1,500, 45 வரை 1,200, 50 வரை 800. பெண்களுக்கு 8 நிமிடம். 30 வயது வரை 1,000 மீட்டர், 40 வரை 800. ஏழாவது ஊதியக் குழுவின்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். அகவிலைப்படி எல்லாம் அதற்கு மேல். அதே வேலையை, அதைவிடக் கூடுதலாகவும், நான் 8,500-க்குச் செய்துகொண்டிருந்தேன். இன்றைக்கும் வடசென்னை சுற்றுவட்டார சுயநிதிக் கல்லூரிகளில் புதிதாகச் சேரும் பையன்கள் என்னிடம் சொல்லும் தொகை 14,000 முதல் 22,000 வரை. ஒரே சாலையில் எதிரெதிர்க் கட்டடம், நடுவில் இவ்வளவு பள்ளம்.

அந்த 12 நிமிட ஓட்டத்தைப் பற்றி ஒரு கதை. 2019-ல் ஒரு உதவி பெறும் கல்லூரியில் இடம் காலி என்று தெரிந்து விண்ணப்பித்தேன். அப்போது எனக்கு 32, ஆக 1,500 மீட்டர் போதும். ஆறு பேர் நின்றோம். மூன்று பேருக்கு நல்ல தொப்பை. ஒருவர் மெடிக்கல் சர்டிபிகேட் கொண்டுவராததால் அவரை ஓடவே விடவில்லை (இதை யாரும் மறக்காதீர்கள், அது இல்லாமல் ட்ராக்கில் கால் வைக்க முடியாது). நான் 1,500 தாண்டியும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தேன். "போதும் சார், நில்லுங்க" என்று கமிட்டியில் ஒருவர் கையைக் காட்டினார். எட்டு வருஷத்தில் என் ஓட்டத்தை ஒரு கல்லூரி நிர்வாகம் உட்கார்ந்து பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

அந்த வேலை கிடைக்கவில்லை. காரணம் இரண்டு. ஒன்று, நேர்காணலுக்கு இரண்டு நாள் கழித்து ஒரு இடைத்தரகர் வந்து சொன்ன தொகை. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய என் அப்பா வாழ்நாள் முழுக்கச் சம்பாதித்தது அவ்வளவு வராது. இரண்டாவது காரணம் என் முட்டாள்தனம், அதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதல் கல்லூரி கொடுத்த ஆர்டரில் என் பதவி 'விளையாட்டுப் பயிற்றுநர்' என்று இருந்தது. பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன். சொல்லப் போனால் 'பயிற்றுநர்' என்ற சொல் பிடித்தும் இருந்தது. நாலு வருஷம் உழைத்தேன். அனுபவத்துக்கு மதிப்பெண் போடும் இடத்தில் அந்த நாலு வருஷத்துக்கும் பூஜ்யம். உடற்கல்வி இயக்குநராகப் பணியாற்றியதற்குச் சான்று எங்கே என்று கேட்டார்கள். பழைய கல்லூரிக்குப் போனால் பிரின்சிபால் மாறியிருந்தார். ஆபீசில் என் பெயரே வருகைப் பதிவேட்டில் இல்லை, வவுச்சர் சம்பளம் கொடுத்திருக்கிறார்கள். பி.எஃப். கிடையாது, இ.எஸ்.ஐ. கிடையாது.  பிடித்திருந்தால் அந்தப் பி.எஃப். கணக்கே நான் அங்கே வேலை செய்ததற்குச் சாட்சி சொல்லியிருக்கும்.

ஆகவே ஆர்டரைக் கையில் வாங்கியதும் சம்பளத்தைப் பார்க்காதீர்கள், பதவியின் பெயரைப் பாருங்கள். உடற்கல்வி இயக்குநர் என்று இருக்கிறதா, வருஷத்துக்கு எத்தனை மாதச் சம்பளம் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மே மாதம் கல்லூரி மூடினால் சம்பளமும் மூடும் இடங்கள் நிறைய. பணிச்சான்றை வேலையை விடும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். ஒவ்வொரு வருஷமும் ஏப்ரலில், உறவு நன்றாக இருக்கும்போதே, கேட்டு வாங்குங்கள். ஒரிஜினல் சான்றிதழ்களை "சும்மா ஆபீஸ்ல இருக்கட்டும்" என்பார்கள். இருக்க வேண்டாம். என் நண்பர் ஒருவர் நல்ல வேலை ஒன்றை இதனாலேயே விட்டார். மாதக்கணக்கில் நடந்துதான் ஒரிஜினலைத் திரும்ப வாங்கினார்.

நெட் தேர்வு எனக்கு நாலாவது முறைதான் கிடைத்தது, 2017-ல். பாடக் குறியீடு 47, உடற்கல்வி. நம் ஆட்களுக்கு இதில் ஒரு இளக்காரம் உண்டு. கிரவுண்டில் நிற்பவனுக்குப் புத்தகம் எதற்கு என்று. எனக்கும் இருந்தது, மூன்று முறை தோற்றதற்கு அதுதான் காரணம். உடற்கூறும் புள்ளியியலும் உட்கார்ந்து படித்த பிறகுதான் ஓட்டத்திலேயே எனக்குச் சில விஷயங்கள் விளங்கின. அதுவரை என் பையன்களை எல்லா நாளும் விரட்டி விரட்டி ஓடவைத்துக்கொண்டிருந்தேன். பாதிப் பேருக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு வலி. சிமென்ட் ரோடும் கட்டாந்தரையும் தவிர வேறு இடம் இல்லாத ஊரில், வாரத்துக்கு மூன்று நாள் மெதுவாக ஓடவிட்டாலே டைமிங் குறையும் என்று தெரிய இத்தனை வருஷம் ஆனது.

கோச் என்று சொல்லிக்கொள்ள வேண்டுமானால் பாட்டியாலா என்.ஐ.எஸ். (தேசிய விளையாட்டு நிறுவனம்) டிப்ளமோதான் பெரிய கதவு. ஒரு வருஷம் அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும், பெங்களூரிலும் உண்டு. குடும்பத்தை விட்டு ஒரு வருஷம் போக எனக்கு வசதிப்படவில்லை. கோடை விடுமுறையில் நடக்கும் ஆறு வாரச் சான்றிதழ் படிப்பு மட்டும் முடித்தேன். இரண்டும் ஒன்றல்ல. ஆறு வாரத்தைக் காட்டினால் "சரி, டிப்ளமோ எங்கே?" என்றுதான் அரசுப் பயிற்சியாளர் வேலைகளில் கேட்பார்கள். கல்யாணத்துக்கு முன்னாலேயே டிப்ளமோவை முடித்துவிடுங்கள், இதை அண்ணனாகச் சொல்கிறேன். 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி ஓடிய சாந்தி சௌந்திரராஜன், பதக்கம் பறிக்கப்பட்ட பிறகு செங்கல் சூளையில் கூலி வேலை பார்த்தார். அவரே பெங்களூரு போய் அந்த டிப்ளமோவை முடித்துத்தான் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்சியாளரானார். ஆசிய அளவில் ஓடியவருக்கே அந்தத் தாள் தேவைப்பட்டது என்றால் என்னைப் போன்றவன் எம்மாத்திரம்.

அப்புறம், பசங்க. இதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிற்காது.

என்னிடம் ஓடியவர்களில் பாதிப் பேர் காசிமேடு, புதுவண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, எண்ணூர் பக்கம். ஒருவன் ராத்திரி இரண்டு மணிக்கு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி ஏற்றிவிட்டு, அதே ஈரக் கைலியை மாற்றிக்கொண்டு ஐந்தேகாலுக்குக் கிரவுண்டுக்கு வருவான். மேலெல்லாம் மீன் வாசனை. முதல் வருஷம் 5,000 மீட்டர் 17 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடினான், அதுவும் மண் தரையில், கடன் வாங்கிய ஸ்பைக் ஷூவில். எண்ணூர் நெடுஞ்சாலையில் நீண்ட ஓட்டம் ஓடவைக்கலாம் என்றால் கண்டெய்னர் லாரி வரிசை. மணலிப் பக்கம் காற்று திரும்பினால் மூச்சை இழுக்கவே முடியாது. மெரினாவுக்கும் பெரியமேடு நேரு ஸ்டேடியத்துக்கும் அழைத்துப் போவேன். மெட்ரோ திருவொற்றியூர் வரை வருவதற்கு முன்னால் அது இரண்டு பஸ். டிக்கெட் காசு என் பையில்தான்.

அந்த ஐஸ் பெட்டிப் பையனின் டைமிங் குறையாததற்குக் காரணம் பயிற்சி இல்லை, நாஷ்டா என்று தெரிய எனக்கு மூன்று மாதம் ஆனது. வேலை முடித்து டீயும் பன்னும் தின்றுவிட்டு ஓடிக்கொண்டிருந்தான். அப்புறம் ஓட்டம் முடிந்ததும் ஆளுக்கு இரண்டு முட்டை, ஊறவைத்த வேர்க்கடலை, வாழைப்பழம் என்று ஆரம்பித்தேன். எட்டுப் பேருக்கு மாதம் இரண்டாயிரத்துக்கு மேல் போனது. 9,500 சம்பளத்தில் இரண்டாயிரம். வீட்டில் என்ன பேச்சு வந்திருக்கும் என்று நீங்களே யூகித்துக்கொள்ளலாம். "உனக்குச் சம்பளம் காலேஜ் குடுக்குதா, இல்ல நீ காலேஜுக்குக் குடுக்குறியா?" என்று மனைவி கேட்டதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. புதிதாக வருகிறவர்கள் முட்டைக் காசைத் தனியாக எழுதி, பிரின்சிபாலிடம் 'மாணவர் ஊட்டச்சத்து' என்று கடிதமாகக் கொடுத்துப் பாருங்கள். மூன்றாவது கல்லூரியில் அப்படித்தான் வாங்கினேன். வாயால் கேட்டபோது சிரித்தார்கள், கடிதமாகக் கொடுத்தபோது பாதி சாங்ஷன் ஆனது. மீட்டுக்கான என்ட்ரி கட்டணம், பயணப்படி எல்லாவற்றுக்கும் இதே வழிதான். ரசீது இல்லாத செலவு திரும்பி வராது.

ஐஸ் பெட்டிப் பையன் இரண்டாம் வருஷம் 15 நிமிடம் 50 நொடிக்கு வந்தான். வந்த மறுமாதமே ஒரு தனியார் பல்கலைக்கழகத்திலிருந்து ஆள் வந்தது. இலவச சீட், ஹாஸ்டல், மூன்று வேளை சாப்பாடு, ஷூ. அவன் என்னிடம் வந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "போடா, போய் நல்லா சாப்பிடு" என்றேன். கல்லூரியில் எனக்கு மெமோ. "ஆளை உருவாக்கத் தெரியுது, வெச்சுக்கத் தெரியல" என்று கூட்டத்தில் சொன்னார்கள். ஒரு வகையில் சரிதான். ஆனால் வைத்துக்கொள்ள என்னிடம் என்ன இருந்தது? அட்டெண்டன்ஸுக்கு ஓ.டி. (ஆன் டூட்டி) வாங்கவே துறைத்துறையாகக் கெஞ்ச வேண்டிய இடம் அது. மீட்டுக்குப் போன பையனுக்கு ஆப்சென்ட் போட்டு, கண்டோனேஷன் (வருகைக் குறைவை மன்னிக்கும்) கட்டணம் கட்டவைத்த பேராசிரியர்களும் உண்டு. அவன் இப்போது ராணுவத்தில் இருக்கிறான். தீபாவளிக்கு வந்தால் அம்மாவுக்கு அடுத்து என் வீட்டுக்குத்தான் வருவான்.

2020 ஊரடங்கில் முதலில் கை வைத்தது என் சம்பளத்தில்தான். இரண்டாவது கல்லூரி அது. "ஆன்லைன்ல ஓட்டம் எப்படி எடுப்பீங்க?" என்று கேட்டு, முதலில் பாதி, பிறகு ஒன்றுமில்லை. அந்தச் சமயத்தில்தான் பெரம்பூரிலிருந்து ஒரு வங்கி மேலாளர், 46 வயது, சர்க்கரை வந்துவிட்டது, அரை மாரத்தான் ஓட வேண்டும் என்று நண்பர் மூலமாகப் பேசினார். வாட்ஸ்அப்பில் வாராவாரம் அட்டவணை போட்டுக் கொடுத்தேன். அவர் நாலு பேரைச் சேர்த்துவிட்டார். இன்று 14 பேர், மாதம் ஆளுக்கு 1,500. கல்லூரி தருவது 32,000, இவர்கள் தருவது 21,000. இவர்களுக்காக நான் செலவிடும் நேரம் கல்லூரிக்குக் கொடுப்பதில் கால்வாசி.

அதனால் இளம் பயிற்சியாளர்களிடம் நான் ஒளிக்காமல் சொல்வது, இந்த ஊரில் ஓட்டத்துக்கு நேரடியாகக் காசு கொடுப்பவர்கள் நாற்பது வயதுக்காரர்கள்தான். கல்லூரிப் பையன் கொடுக்க மாட்டான், கல்லூரியும் கொடுக்காது. இரண்டையும் வைத்துக்கொண்டால் குடும்பம் ஓடும். ஆனால் கல்லூரியில் சேரும்போதே வெளியே பயிற்சி கொடுப்பதைச் சொல்லிவிடுங்கள். ஒளித்து மாட்டினால் அசிங்கம்.

இன்னொரு சிறு வருமானம் சுண்ணாம்புக் கோடு. பள்ளிகளின் ஸ்போர்ட்ஸ் டேவுக்கு ட்ராக் மார்க்கிங் தெரிந்தவர் குறைவு. 1.22 மீட்டர் அகல லேன் என்றால் ஒரு முழு ரவுண்டுக்கு இரண்டாம் லேனின் தொடக்கக் கோடு 7.04 மீட்டர் முன்னால், அதற்குப் பிறகு ஒவ்வொரு லேனுக்கும் 7.67 மீட்டர் கூட. மைதானம் 200 மீட்டராக இருந்தாலும் 400 மீட்டராக இருந்தாலும் இதே கணக்குதான், வளைவு பெரிதா சிறிதா என்பது முக்கியமில்லை. இதை ஒரு கணக்கு டீச்சரிடம் விளக்கியதில் அவரே மூன்று பள்ளிகளுக்கு என்னைச் சிபாரிசு செய்தார். ஒரு நாளைக்கு 2,500. ஜனவரி, பிப்ரவரியில் ஏழெட்டு நாள் கிடைக்கும்.

பள்ளிக்கூட வேலையையும் மட்டமாக நினைக்க வேண்டாம். டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) நடத்தும் முதுநிலை ஆசிரியர் தேர்வில் உடற்கல்வி இயக்குநர் நிலை 1 வரும், அது கிடைத்தால் கல்லூரியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஆனால் தற்காலிகம் என்று சொன்னால் கவனம். 2012-ல் அரசுப் பள்ளிகளில் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். ஓவியம், தையல், கணினி, உடற்கல்வி எல்லாம் அதில் அடக்கம். என்னோடு படித்தவன் ஒருவன் "சீக்கிரம் பெர்மனென்ட் ஆயிடும்" என்று போனான். படிப்படியாக ஏறி 2024-ல் 12,500-க்கு வந்தது. அவன் இப்போது சாயங்காலம் ஆட்டோ ஓட்டுகிறான். என்னைவிட வேகமாக ஓடியவன்.

என் பழைய மாணவன் ஒருவன் அமெரிக்காவில் இருக்கிறான். அங்கே கல்லூரிகளில் கிராஸ் கன்ட்ரிக்கென்றே தனி கோச் இருப்பதைப் பார்த்துவிட்டு, ராத்திரியில் போன் போட்டு உருகுவான். பிறகு அவனே விசாரித்துச் சொன்னான். அங்கேயும் மேல் படிப்புக் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு சொற்பப் படியில் உதவிப் பயிற்சியாளர் வேலை செய்பவர்கள் உண்டு, சம்பளமே இல்லாத வாலண்டியர் கோச் என்று ஒரு பிரிவே இருந்ததாம். 2023-ல்தான் 'டிவிஷன் ஒன்று' என்ற மேல்மட்ட விளையாட்டுப் பிரிவுக் கல்லூரிகளில் அதை நீக்கினார்கள். எனக்கு ஏனோ அன்று ராத்திரி நல்ல தூக்கம் வந்தது.

போன மாதம் என்னிடம் ஓடிய ஒருத்தி, இப்போது எம்.பி.எட். முடித்து நெட்டும் வாங்கிவிட்டாள், ஆர்டரோடு வந்தாள். மகாராணி ஸ்டாப் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து படித்தோம். சம்பளம் 18,000. பி.எஃப். உண்டு. பன்னிரண்டு மாதம். பதவி: 'விளையாட்டுப் பயிற்றுநர்'.

"இத மாத்தி வாங்கிட்டு வா" என்றேன்.

"கோச்சுக்க மாட்டாங்களா மாஸ்டர்?"

"கோச்சுக்கட்டும். நீ சேர்றதுக்கு முன்னாடி கோச்சுக்கிட்டா நல்லது."

திங்கட்கிழமை மத்தியானம் போன் வந்தது. "மாத்திட்டாங்க மாஸ்டர். டைரக்டர்னே போட்டுக் குடுத்துட்டாங்க." சத்தம் அதிகமாக இருந்தது, ஹாரன், யாரோ கானா பாடுகிறார்கள். எங்கேம்மா இருக்கே என்றேன்.

"பஸ் ஸ்டாப்ல மாஸ்டர். இன்னிக்கே டூட்டி போட்டுட்டாங்க."